சாய்வெட்டு

மார்ச் ஆறாம் தேதி
முந்நூற்றுப் பதினெட்டாம் சாலையின் வடக்குப் பள்ளத்தை
ஓர்வல் ஹக்ஸ்டெப் தோண்டி அகலமாக்க வேண்டும்.
உத்தரவு அவன் பெயருக்குத்தான் வந்தது.
இயந்திரம் கவுண்டியுடையது,
சாவி அவனிடம்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு
அதே பள்ளத்தில், இருட்டிய பிறகு,
முழங்கால் சேற்றில் நின்று
வெட்டிக்கொண்டிருந்தான் எல்டர்பெர்ரிப் போத்து.
பென்சிலைவிடக் கொஞ்சம் கனம்.
கொம்புக்கு நாலு கணு.
நுனியில் நேர்வெட்டு, அடியில் சாய்வெட்டு.
"இல்லையென்றால் எது கால் எது தலையென்று
வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும், லாவோன்."
வேலைநாளில் நான் பிடிப்பது
வண்டிகளை நிறுத்தும் பலகை.
அன்று பிடித்தது டார்ச்.

வெட்டுவாயில் வெள்ளையாய் நெட்டி.
நகத்தால் அழுத்தினேன், உள்வாங்கியது.
எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு.
இதுவா காஸ்கனேட் ஆறு ஏறி வந்து
ஒன்பது நாள் முழுகடித்தும்
ஜூனில் தட்டு தட்டாகப் பூத்தது?
அவன் பதில் சொல்லவில்லை.
கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான்.

அளவைக்காரர்கள் வரிசையாக அடித்துவிட்டுப் போன
முளைகள் நின்றன பள்ளம் நெடுக.
ஒவ்வொன்றின் கழுத்திலும் இளஞ்சிவப்பு நாடா.
நாலு நாடாவை அவிழ்த்துப்
பத்துப் பத்தாகக் கட்டினான்.
அரசாங்கச் சொத்து, என்றேன்.
"நானும்தான்" என்றான்.

ஆறாம் தேதி குளிர், வெயில்.
நான் பலகை பிடித்தேன். பள்ளிப் பேருந்து காத்திருந்தது.
புதர் ஒரே இழுப்பில் வரவில்லை,
மூன்றாம் இழுப்பில்
ஒரு வண்டி மண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.
ஓர்வல் திரும்பிப் பார்க்கவில்லை.
பின்னோக்கி ஓட்டியபோது மட்டும் பார்த்தான்,
அது பாதுகாப்பு விதி.

ஏப்ரல் முதல் வாரம், விடியுமுன், தொலைபேசி.
அவன் துணி துவைக்கும் அறையில்
நாலு வாளி ஈரமணலில்
எலிக்காது அளவு இலைகள்.
ஜெயித்துவிட்டாய், என்றேன்.
"இலையை நம்பாதே.
கொம்பில் மிச்சமிருந்ததை எடுத்துச் செலவு செய்கிறது.
சம்பாத்தியம் இன்னும் தொடங்கவில்லை.
இழுத்துமட்டும் பார்க்காதே."
சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனான்.

இழுத்துப் பார்த்தேன்.

ஓரத்தில் ஒன்று, இலையே விடாத மொட்டைக் கொம்பு.
செத்ததுதானே, என்ன வந்துவிடப்போகிறது.
மணல் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. பிறகு விட்டது.
அடியில் வெள்ளை நூல்கள், ஆறோ ஏழோ,
பால்பல் நிறத்தில், அறுந்தவை பாதி
என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தன.
வாசலில் கோப்பைச் சத்தம்.
குத்திவைத்தேன், மணலைத் தட்டினேன்,
கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
காபி நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

மே மாதத்துக்குள் இருபத்தெட்டு கருகின.
தண்ணீர் அதிகம், என்று தன்னையே திட்டினான்.
அறையில் சூடு, என்றான்.
கருகியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
எரிக்கும் பீப்பாயில் போட்டான்.
ஒன்றை மட்டும் சற்று நேரம் கையில் வைத்திருந்தான்.
பிறகு அதையும் போட்டான்.

மிஞ்சிய பன்னிரண்டை
வீபெர்க் வீட்டுப் புல்வெளியில் நட்டோம்,
கவுண்டி எல்லைக்கு நாலடி உள்ளே.
அளந்தது கவுண்டியின் நாடாவில்.
வரிசையின் முடிவில் அடையாளத்துக்கு
அளவைக்காரர்களின் முளை ஒன்றைப் பிடுங்கி அடித்தான்.
போகும் வழியில் நிறுத்திய பேருந்து ஓட்டுநர்
பதின்மூன்றும் பிழைக்குமா என்று கேட்டார்.
பன்னிரண்டு செடி, ஒன்று வெறும் முளை, என்றேன்.
அதற்குத்தான் ஓர்வல் முதலில் தண்ணீர் ஊற்றினான்,
சிரிக்காமல்.

மூன்றாம் ஜூன்.
தலைக்குமேல் பூ.
பலகையைச் சாலையோரம் சாய்த்துவிட்டு
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்:
அந்த வருஷம், உன் வாளியில், ஒரு கொம்பு, நான்.

அவன் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தான்,
அல்லது எண்ணுவதுபோல் நின்றான்.
"தெரியும்" என்றான்.
"சாய்வெட்டு மேலே இருந்தது."